பெரிய அண்ணிக்குச் சேர வேண்டிய ஒரு ஏக்கர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் பல வருடங்களாக டைப்பிங் வேலை பார்க்கிறேன். கிரையம், அடமானம், தானசெட்டில்மெண்ட், உயில் எல்லாம் வரும். என்னைத் தூங்கவிடாமல் செய்வது விடுதலைப் பத்திரம்தான். அப்பா காலமான பிறகு, பூர்வீகச் சொத்தில் தனக்குள்ள பாகத்தை அக்காவோ தங்கையோ அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தருவது. அதன் வாசகம் எனக்கு மனப்பாடம். "எனது திருமணத்தின்போது எனக்குச் செய்ய வேண்டிய சீர்வரிசைகளைச் செய்துவிட்டபடியாலும், தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும், பிரதிபிரயோஜனம் ஏதும் பெறாமல், பிறர் தூண்டுதலோ கட்டாயமோ இன்றி, சுயநினைவுடன் மனப்பூர்வமாகச் சம்மதித்து..." என்று போகும்.

அக்காக்கள் காலை பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். பண்ருட்டியிலிருந்து, விருத்தாசலத்திலிருந்து, சில பேர் பெங்களூரிலிருந்து. தம்பி டிபன் வாங்கித் தருவார். பத்திரத்தை நீட்டினால் "கையெழுத்து எங்கே போடணும்மா?" என்று மட்டும் கேட்பார்கள். சர்வே எண்ணும் விஸ்தீரணமும் மதிப்பும் கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தில் நின்று படித்தவர்களை நான் மிகக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். அப்புறம் பதிவு அலுவலகத்தில் போட்டோ, விரல் ரேகை. "எழுதிக் கொடுத்தது நீங்கதானே? இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் முடிந்தது. பதிவுச் சட்டம் சார்பதிவாளரிடம் கேட்கச் சொல்வது அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தவர் அதை ஒப்புக்கொள்கிறாரா என்று பார்ப்பது அவர் வேலை. எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்பது யார் வேலையும் இல்லை.

ஒரு காலத்தில் இந்த அக்காக்களைக் கூப்பிடவே மாட்டார்கள். மகன்கள் பாகம் பிரித்துக்கொள்வார்கள், மகளுக்குத் தகவல்கூடப் போகாது. இன்று கூப்பிடுகிறார்கள் என்றால் காரணம் சட்டம். நிலத்தை வாங்குகிறவரின் வக்கீலும் கடன் கொடுக்கிற வங்கியின் வக்கீலும் வாரிசுச் சான்றை எடுத்துப் பார்த்து, மகள்கள் பெயர் இருக்கிறதே, அவர்கள் கையெழுத்து எங்கே என்று கேட்கிறார்கள். பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக 60 வருடம் ஆயிற்று. அத்தனை பேர் பாடுபட்டு வாங்கிக் கொடுத்த உரிமை, எங்கள் கடை வாசலில் ஒரு டிபனோடு முடிந்துபோவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

எங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். என் கணவர் குடும்பத்துக்கு நெல்லிக்குப்பம் பக்கத்தில் மூன்று ஏக்கர், அதாவது முந்நூறு சென்ட், பூர்வீக நிலம். கரும்பு போடுவார்கள். அவருக்கு இரண்டு அக்காக்கள், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பெரிய அண்ணிக்கு 1987இல் கல்யாணம், சின்ன அண்ணிக்கு 1991இல். மாமனார் 1998இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். மாமியார் 2014 வரை இருந்தார். வீடு கட்ட வங்கியில் கடன் கேட்டபோதுதான் "அக்காங்க ரெண்டு பேரும் விடுதலை எழுதித் தரணும்" என்று வந்தது.

1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் மட்டும் இருந்திருந்தால், முந்நூறு சென்டில் பாதி பிறப்பிலேயே மகனுக்கு. மாமனாரின் பாதியை மாமியாரும் மூன்று பிள்ளைகளும் நாலாகப் பிரித்துக்கொள்வார்கள். மகளுக்கு எட்டில் ஒரு பங்கு, முப்பத்தேழரை சென்ட்.

1989இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம் மகளையும் மகனைப் போலவே பிறப்பால் பங்குதாரர் ஆக்கியது. ஆனால் 25.3.1989க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்கு அது கிடையாது. எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று பாருங்கள். மாமனார், என் கணவர், சின்ன அண்ணி மூவருக்கும் நூறு நூறு சென்ட். மாமனாரின் நூறை நான்கு பேர் பிரித்தால் ஆளுக்கு இருபத்தைந்து. ஆக சின்ன அண்ணிக்கு நூற்றிருபத்தைந்து சென்ட், பெரிய அண்ணிக்கு வெறும் இருபத்தைந்து. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். பெரியவருக்குச் சீக்கிரம் வரன் அமைந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பழைய சட்டப்படி அவருக்கு வந்திருக்க வேண்டிய முப்பத்தேழரைகூட இதில் குறைந்துவிட்டது. நல்ல சட்டம்தான், நான் மறுக்கவில்லை. அதன் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதுதான் என் வருத்தம்.

9.9.2005இல் வந்த மத்தியத் திருத்தம் கல்யாணத் தேதியைத் தூக்கி எறிந்தது. 20.12.2004க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் தீர்ப்பு மூலமோ பாகம் பிரித்தாகிவிட்டதா, இல்லை அதற்கு முன்பே விற்றோ வேறு வகையில் கைமாற்றியோ ஆகிவிட்டதா என்பதுதான் கேள்வி. பூர்வீகக் குடியிருப்பு வீட்டில் ஆண்கள் பிரிக்கச் சம்மதித்தால்தான் மகள் பங்கு கேட்கலாம் என்றிருந்த பழைய 23ஆம் பிரிவையும் அப்போதே நீக்கினார்கள். அதற்கப்புறமும் குழப்பம் ஓயவில்லை. 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று ஒரு தீர்ப்பு, வேண்டாம் என்பது போல் இன்னொரு தீர்ப்பு. 11.8.2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்த்து வைத்தார்கள். மகளின் உரிமை பிறப்பால் வருவது, அதற்கு அப்பா உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை. அப்பா இறந்தபோது கணக்குக்காகப் பிரித்துப் பார்ப்பது உண்மையான பாகப்பிரிவினை ஆகாது.

இப்போது போடுங்கள் கணக்கை. மாமனாரும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு எழுபத்தைந்து சென்ட். மாமனாரின் எழுபத்தைந்தை நான்காகப் பிரித்தால் பதினெட்டே முக்கால். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தொண்ணூற்று மூன்றே முக்கால். மாமியாரின் பதினெட்டே முக்கால் அவர் காலத்துக்குப் பிறகு மூன்று பேருக்கும் ஆறேகால் ஆறேகாலாக வருகிறது. ஆளுக்கு நூறு சென்ட், சுத்தமாக ஒரு ஏக்கர்.

இதை ஒரு தாளில் எழுதி என் கணவரிடம் காட்டினேன். அவர் நல்ல மனிதர், அக்காக்கள் மேல் உயிரையே வைத்திருப்பவர். "அக்கா என்ன வேணும்னா கேட்கப் போகுது? கூப்பிட்டா வந்து போட்டுட்டுப் போகும்" என்றார். "என்னங்க, கேட்காதுன்னு தெரியும். அதனாலதான் நாமளே சொல்லணும்" என்றேன். அந்தப் பத்திரத்தால் லாபம் எங்களுக்கும் எங்கள் பையனுக்கும்தான். அதனால்தான் என் வாயால் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு நாள் பேச்சு சரியாக இல்லை. மூன்றாம் நாள் அவரே அக்காக்களுக்குப் போன் போட்டார்.

பெரிய அண்ணி பண்ருட்டிப் பக்கம் இருக்கிறார். கணவர் இல்லை, முந்திரி உடைக்கிற வேலை. தாளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "பங்கு வாங்கிட்டா எனக்குப் பொறந்த வீடு ஏது? அவர் போனப்ப கோடித் துணி எடுத்துக்கிட்டு தம்பிதானே வந்து நின்னுச்சு? நாளைக்கு என் பேத்திக்குக் காது குத்தினா யார் வருவா?"

இதற்குச் சட்டத்தில் பதில் கிடையாது. தீபாவளிப் புடவை, தாய்மாமன் சீர், பிறந்த வீட்டுக் கோடி எல்லாம் கையெழுத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்று நம் பெண்கள் நினைக்கிறார்கள். நினைப்பதும் தப்பில்லை. பங்கு கேட்டதற்காகச் சாவு வீட்டுக்கும் வராமல் போன அண்ணன்களை எனக்கே தெரியும். தாய்வீட்டை இழக்கப் பயந்துதான் போடுகிறார்கள், பத்திரத்தில் "கட்டாயம் இன்றி" என்று இருக்கிறது. என் கணவர் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, "நிலம் உன்னுதுக்கா. நான் எப்பவும் போல வருவேன்" என்று சொன்ன பிறகுதான் அவர் அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகினார்.

விடுதலைப் பத்திரத்துக்குப் பதில் பாகப்பிரிவினைப் பத்திரமே எழுதினோம். நானே டைப் அடித்தேன். பதிவன்று பெரிய அண்ணியின் விரல் ரேகையை மெஷின் எடுக்கவே இல்லை. முந்திரி ஓட்டுப் பால் பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்து, ரேகை தேய்ந்து வழுவழுப்பாகி இருந்தது. ஒவ்வொரு விரலாக ஈரத் துணியில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார்கள், கடைசியில் இடது கை மோதிர விரல்தான் விழுந்தது. சின்ன அண்ணி சென்னையில் வசதியாக இருக்கிறார். தன் ஏக்கருக்குப் பாதி விலை வாங்கிக்கொண்டு தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். எவ்வளவு என்று தெரிந்து எடுத்த முடிவு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் பிறந்தது பாகூரில். கடலூரிலிருந்து போனால் கன்னியக்கோயிலே புதுச்சேரிதான், எங்கள் ஊருக்கும் கடலூருக்கும் சம்பந்தம் செய்யாத குடும்பமே இல்லை. ஆனால் 1989 திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டம், பாகூருக்குச் செல்லாது. பஸ்ஸில் அரைமணி நேரத் தூரத்தில் இருந்த பெண்ணுக்கு, 2005 வரை, அந்தப் பதினாறு வருடம் அது கிடையாது. அதே புதுச்சேரியில் இன்னொன்றும் இருக்கிறது. 1881ஆம் வருட ஆணைப்படி சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போன ரெனோன்சான் குடும்பங்கள். அந்தச் சட்டத்தில் மகன் மகள் வித்தியாசம் கிடையாது. அதோடு, மூன்று பிள்ளைகள் இருந்தால் அப்பா தன் சொத்தில் கால் பங்கைத்தான் விருப்பப்படி எழுத முடியும். மீதி முக்கால் பங்கு பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கியது. இஸ்லாமியர் சட்டத்திலும் உயிலுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று எல்லை இருக்கிறது. இந்து சட்டத்தில் அப்படி எந்த எல்லையும் இல்லை. தன் பங்கு முழுவதையும் மகன் பேருக்கு உயில் எழுதிவிடலாம், எழுதுகிறார்கள். சட்டத் திருத்தம் என்று பேசுகிறவர்கள் இதைப் பேச வேண்டும். ஒரு பகுதியாவது பிள்ளைகள் எல்லோருக்கும் என்று ஒதுக்கி வைக்கச் சொன்னால் என்ன?

விடுதலைப் பத்திரத்துக்கும் சில ஏற்பாடுகள் வேண்டும். விட்டுக்கொடுக்கும் பாகம் எத்தனை சென்ட், அரசின் வழிகாட்டி மதிப்பில் எத்தனை ரூபாய் என்பதைக் கையெழுத்துப் போடும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட வைக்கலாம். நகலை ஒரு வாரம் முன்பே அந்தப் பெண்ணிடம் கொடுத்திருக்க வேண்டும் எனலாம். சார்பதிவாளர் அவரைத் தனியாக உட்காரவைத்து, தமிழில் படித்துக் காட்டி, "உங்களுக்கு இவ்வளவு வருகிறது, தெரியுமா?" என்று கேட்கலாம். கூடிப்போனால் பத்து நிமிடம். இன்னொன்று, கிரையத்துக்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை வாங்குகிற அரசு, குடும்பத்துக்குள் விடுதலைக்கு 1 சதவீதம்தான் வாங்குகிறது, அதற்கும் உச்சவரம்பு உண்டு. பாகப்பிரிவினைக்கு அந்தச் சலுகை நியாயம். ஒரு பைசா வாங்காமல் மகள் முழுவதையும் விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்கும் ஏன் அதே சலுகை என்று யோசிக்க வேண்டும்.

ஏற்கனவே போட்டுவிட்டேன், இனி என்ன செய்வது என்று கேட்கிறவர்கள் நிறைய. என்ன எழுதியிருக்கிறது என்று மறைத்து வாங்கியிருந்தால் அதை ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் ஏமாற்றியது தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். கையெழுத்தே போடாதவர்கள் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். "அவர் அனுபவத்தில் இல்லை" என்று அண்ணன் தரப்பு சொல்லி, அது நின்றால், பங்கின் மதிப்பில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம் கட்டச் சொல்வார்கள். அங்கேயே பல பெண்கள் திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டாம். 1987ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. வக்கீலும் அவர்களே வைத்துக் கொடுப்பார்கள், கோர்ட் கட்டணமும் அதில் அடங்கும். கடலூரில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா நகல், வில்லங்கச் சான்று இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். வாரிசுச் சான்று அண்ணன் கையில் இருக்கிறது, தரமாட்டார் என்றாலும் நீங்களும் வாரிசுதான், தாலுகா அலுவலகத்தில் உங்கள் பெயரிலேயே மனுக் கொடுங்கள்.