எரிந்த கடிதமும் எரித்தவர் சாட்சியும்

வாஷிங்டன் பத்தாவது தெருவிலுள்ள ஃபோர்டு நாடக அரங்கத்துக்கு வருகிறவர்கள் அமெரிக்க அதிபர் லிங்கன் சுடப்பட்டபோது அமர்ந்திருந்த மாடத்தையே அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் மேடையைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1865 ஏப்ரல் 14 இரவு அங்கே நடித்துக்கொண்டிருந்த ஜான் மாத்யூஸ் என்ற நடிகர், கொலையாளி எழுதிய கடிதமொன்றைத் தம் மேலங்கிப் பையில் வைத்திருந்தார் என்பது அவரே பின்னாளில் சொன்ன செய்தி.

அன்று பிற்பகல் பென்சில்வேனியா அவென்யூவில் குதிரைமேல் வந்த கொலையாளி ஜான் வில்க்ஸ் பூத், உறையிட்டு ஒட்டிய கடிதத்தைக் கொடுத்து, மறுநாள் ‘நேஷனல் இன்டெலிஜென்சர்’ பத்திரிகையில் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டாராம். துப்பாக்கி வெடித்தபின் அறைக்கு ஓடிய மாத்யூஸ், உறையைப் பிரித்துப் படித்தார். அது தம்மிடம் அகப்பட்டால் தம்மையும் கொன்றுவிடுவார்கள் என்று அஞ்சி நெருப்பிலிட்டார். படித்ததையும் எரித்ததையும் வேறெவரும் பார்க்கவில்லை.

1867இல் நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் நினைவுகூர்ந்தது முடிவுப் பகுதியையும் கையொப்பமிட்டிருந்த பெயர்களையும்தான். ஆனால் 1881இல், பதினாறு ஆண்டுகள் கழித்து, முழுக் கடிதமும் அவர் நினைவிலிருந்து மீட்டதாகச் செய்தித்தாளில் வெளிவந்தது. சென்ற மாதம் என் அண்ணன் எழுதிய கடிதத்தில் இரண்டு வரியை என்னால் பிசகாமல் சொல்ல முடியாது. இவருக்கோ காலம் போகப்போக நினைவு கூடியிருக்கிறது. பூத் 1864இல் எழுதிப் பிலடெல்பியாவில் தம் சகோதரி வீட்டில் விட்டுச் சென்ற வேறொரு கடிதம், கொலை நடந்த சில நாட்களிலேயே அவ்வூர்ப் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. அதையும் மாத்யூஸ் தந்த வாசகத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், பல பகுதிகள் ஒரே அச்சில் வார்த்தவையாகத் தெரிகின்றன. அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. அச்சில் படித்தது எரித்ததோடு கலந்துவிட்டது என்றே தோன்றுகிறது.

இத்தனைக்கும் நான் அமர்ந்திருந்த அரங்கத்தின் உட்புறமே பழைய படங்களையும் ஆவணங்களையும் கொண்டு மீண்டும் கட்டி 1968இல் திறக்கப்பட்டதுதான்.

கீழ்த்தளத்து அருங்காட்சியகத்தில், தப்பியோடும்போது பூத் வைத்திருந்த சிறிய நாட்குறிப்பு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கையடக்கமான 1864ஆம் ஆண்டுப் புத்தகம். பல தாள்களைக் காணோம். துப்பறியும் தலைவர் லாஃபயட் பேக்கர், தாம் ஒப்படைத்தபோது தாள்கள் கிழிந்திருக்கவில்லை என்றார். போர்த்துறைச் செயலாளர் ஸ்டான்டனோ முதன்முதல் பார்த்தபோதே அவை இல்லை என்றார். எஞ்சிய பக்கங்களில் ஒன்று மாத்யூஸுக்குப் பாதித் துணை நிற்கிறது. காரணங்களை விளக்கி நீண்ட கட்டுரை எழுதி ‘நேஷனல் இன்டெலிஜென்சர்’ ஆசிரியர் ஒருவருக்காக விட்டுவந்ததாகப் பூத் அதில் குறித்திருக்கிறார். ஆகவே கடிதம் இருந்தது உண்மை. அதன் சொற்களுக்குத்தான் சாட்சி இல்லை. நாட்குறிப்பில் அடுத்த வாக்கியத்தை ‘அவரோ அரசாங்கமோ’ என்று தொடங்கிய பூத், அதை முடிக்காமல் விட்டுவிட்டார்.