டிரில்லும் கார்பன் கணக்கும்

பழைய டிரில்லுக்கு இன்று கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் சிறு கார்பன் கட்டி) மாற்றினேன். தேய்ந்து தேய்ந்து விரல் நகம் அளவுக்கு வந்திருந்தது. மாற்றியதும் பழையபடி ஓடுகிறது, அவ்வளவு சந்தோஷம்!

அப்போதுதான் கருவி நிறுவனங்கள் தரும் கார்பன் வாக்குறுதிகள் நினைவுக்கு வந்தன. 2020-லிருந்தே தன் 400-க்கும் மேற்பட்ட இடங்கள் கார்பன் சமநிலையில் (வெளியிடும் கார்பனைக் குறைத்து, மிச்சத்தை ஈடுகட்டி) இருப்பதாகக் கருவி நிறுவனமான பாஷ் (Bosch) சொல்கிறது. நல்ல வேலைதான். ஆனால் அது கார்பன் கணக்கில் ஸ்கோப் 1, 2 என்ற பிரிவுகள் மட்டும். அதாவது ஆலையில் எரிக்கும் எரிபொருள், வாங்கும் மின்சாரம். செம்பு, எஃகு, லித்தியம் எடுப்பதும், விற்ற கருவி காலம் முழுக்க இழுக்கும் கரண்ட்டும் ஸ்கோப் 3. கருவி செய்யும் எந்த நிறுவனமானாலும் நான் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

இன்னொரு கருவி நிறுவனமான மகிட்டா (Makita) 2022 மார்ச்சோடு எஞ்சின் கருவிகள் தயாரிப்பதையே நிறுத்தியது. பெட்ரோல் ரம்பத்தின் புகையை முகத்தில் வாங்கியவனுக்கு அது எவ்வளவு பெரிய முடிவென்று தெரியும். அப்புறம், கருவி நிறுவனங்களே, என் டிரில்லின் பிரஷ் போன்ற உதிரிபாகங்களைப் பல வருடம் கிடைக்கச் செய்வதையும் உங்கள் கார்பன் வாக்குறுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.