தம்பியின் மெமரி கார்டு

‘இந்தக் கார்டை ஃபார்மட் செய்யவா?’ என்று பிளேஸ்டேஷன் 2 கேம் கன்சோல் கேட்டபோது வயிற்றில் புளியைக் கரைத்தது. கழற்றித் துடைத்து மறுபடி செருகியதும் கார்டு பிழைத்துக்கொண்டது. மொத்தமே 8 எம்.பி. தான். ஆனால் தம்பி பள்ளி நாள்களில் ஆடித் தீர்த்ததெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. இனி அதை நம்புவதற்கில்லை, எல்லாவற்றையும் கணினிக்கு நகலெடுத்துவிட வேண்டும்.

என்னிடம் இருப்பது ஒல்லி மாடல். ஈதர்நெட் இணைப்பு கூடவே உண்டு. வெளி மென்பொருள்களை கன்சோலில் ஓடவைக்கும் ஃப்ரீ எம்சிபூட் ஏற்றிய இன்னொரு கார்டிலிருந்து, கோப்புகளைக் கையாளும் யூலாஞ்ச்எல்ஃப் என்ற மென்பொருளைத் திறந்தேன். நெட்வொர்க் வழியாகக் கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி. சர்வர் ஒன்று அதிலேயே இருக்கிறது. அது தானாக எடுத்துக்கொள்ளும் முகவரி 192.168.0.10. என் ரௌட்டரோ 192.168.1 என்ற வரிசை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இணைப்பு கிடைக்காது. இந்த ஒற்றை இலக்கத்தைக் கவனிக்காமல் அரை மணி நேரம் கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

முகவரியை மாற்றியதும் கணினியில் ‘எம்சி’ ஃபோல்டர் தெரிந்தது. உள்ளே 0, 1 என்று இரண்டு. அவைதான் இரண்டு கார்டுகள். கணினி ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இணைப்புகள் கேட்டால் கன்சோல் திணறிப்போகிறது. ஒன்றுக்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்தியபின் ஆமை வேகத்தில் எல்லாம் வந்து சேர்ந்தன. வேடிக்கை என்னவென்றால், சில சேவ்களில், அதாவது சேமித்துவைத்த ஆட்டங்களில், ஆட்டத்தின் தகவலைவிட மெனுவில் சுழலும் அந்தக் குட்டி உருவம்தான் பெரிய கோப்பு.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். கணினியில் பார்த்தால் எல்லாக் கோப்புகளிலும் இன்றைய தேதி! எஃப்.டி.பி. உள்ளடக்கத்தை மட்டும்தான் தூக்கி வந்தது. சேவ் உருவான தேதியையும் ஃபோல்டரின் பண்புகளையும் கார்டிலேயே விட்டுவிட்டது. அந்தப் பண்புகளைச் சரிபார்க்கும் ஆட்டங்களும் உண்டு என்பதால் இந்த நகலை முழுக்க நம்ப முடியாது.

யூலாஞ்ச்எல்ஃபில் ‘பிஎஸ்யூ பேஸ்ட்’ என்றொரு கட்டளை இருக்கிறது. ஒரு சேவ் முழுவதையும், தேதி, பண்புகளோடு ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுத்துவிடும். நெட்வொர்க்குக்காக இத்தனை பாடுபட்டவன், கடைசியில் கன்சோலில் ஒரு பென் டிரைவைச் செருகி ஒவ்வொன்றாக அதில் கட்டி இறக்கினேன். எஃப்.டி.பி. நகலையும் அழிக்கவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

பிஎஸ்யூ கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தேன். 2006 மார்ச், விடியற்காலை 4:50. கார்டில் நேரம் எப்போதும் ஜப்பான் நேரமாகத்தான் பதிவாகும் என்பதால் நம் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். அப்போதும் நள்ளிரவைத் தாண்டியிருந்தது. தேதியைத் தம்பிக்கு அனுப்பினேன்.

“அம்மாவிடம் சொல்லிவிடாதே அண்ணா, மறுநாள் கணக்குப் பரீட்சை” என்று பதில் வந்தது.