பழைய லேத்தும் பாராமீட்டர் தாளும்

ஓசூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் ஜாப் ஒர்க் ஷெட்களில் ஃபானக் 0-டி என்ற கம்ப்யூட்டர் கன்ட்ரோல் போட்ட பழைய லேத்கள் (கடைசல் மெஷின்கள்) இன்னும் ஓடுகின்றன. 1985 வாக்கில் வந்த வரிசை அது. பெட், ஸ்பிண்டில் எல்லாம் இன்னும் பல வருஷம் தாங்கும். நான் சர்வீஸுக்குப் போகிற இடங்களில் இந்த மெஷின்கள் முடங்கிக் கிடப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பாராமீட்டர், அதாவது மெஷினின் அமைப்பைக் கன்ட்ரோலுக்குச் சொல்லும் எண்கள், அழிந்துவிட்டன; அவற்றைக் குறித்த தாளும் கையில் இல்லை.

இந்தக் கன்ட்ரோலில் பாராமீட்டர், புரோகிராம், ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) எல்லாமே பேட்டரி தாங்கும் மெமரியில்தான் இருக்கின்றன. பெட்டிக்குள் மூன்று பெரிய டார்ச் செல், மொத்தம் 4.5 வோல்ட். திரையில் 'பேட்' (பேட்டரியின் சுருக்கம்) என்று மின்னினால் உடனே மாற்ற வேண்டும், அதுவும் மெஷின் ஆனில் இருக்கும்போதே. கரண்டை அணைத்துவிட்டுக் கழற்றுவதுதான் பாதுகாப்பு என்று எந்த எலக்ட்ரீஷியனும் நினைப்பார். மற்ற இடத்தில் அது சரி, இங்கே மெமரியே போய்விடும். ஆல்கலைன் செல்லாகவே போடுங்கள். ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்துப் பொட்டு வைப்பதற்கு முன், கன்ட்ரோல் ஆனில் இருக்கும்போதே செல்லையும் மாற்றச் சொல்வேன். தேதி மறக்காது, பொங்கல் லீவில் மெஷின் அணைந்து கிடக்கும்போதும் பயமில்லை.

கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு ஷெட்டில் செகண்ட் ஹேண்ட் லேத் வாங்கினார்கள். விற்றவர் தாள் தரவில்லை. பாராமீட்டர் அழிந்ததும், பக்கத்து ஷெட்டில் அதே மாடல் இருக்கிறதே என்று அதன் எண்களை அப்படியே போட்டுவிட்டார்கள். மெஷின் எழுந்துகொண்டது, அச்சுகளின் தொடக்க நிலையான ஹோமுக்கும் போனது. ஆனால் ஜாப் அளவில் நிற்கவில்லை. செட்டர் தம்பி என்னைப் பார்த்ததும், "அண்ணா, ஆஃப்செட் போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு, ஒரு பக்கம் சரியானா இன்னொரு பக்கம் ஓடுது" என்றார்.

ஒரே மாடல் என்றாலும் ஒவ்வொரு மெஷினுக்கும் சொந்தமான எண்கள் சில உண்டு. ஹோம் நிலையை நகர்த்தும் கிரிட் ஷிஃப்ட், பாராமீட்டர் எண் 508, 509. பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது ஸ்க்ரூவில் வரும் தளர்வுக்கான திருத்தம், எக்ஸுக்கு 535, இசட்டுக்கு 536. அச்சை நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் பிட்ச் எரர் (மரை இடைவெளிப் பிழை) அட்டவணை வேறு. இவையெல்லாம் அந்த மெஷினை அளந்து போட்டவை. இரவல் எண்ணில் ஸ்ட்ரோக் லிமிட் (அச்சு போகக்கூடிய எல்லை) மாறியிருந்தால் டூல் பிடிக்கும் டரட் போய் இடிக்கவும் செய்யும். அதனால் முதலில் ரேப்பிட்டை (வேக ஓட்டத்தை) குறைத்து, லிமிட்டைச் சரிபார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.

அப்புறம் பேக்லாஷை அளக்க டயல். மேக்னெட் பேஸை அசையாத இடத்தில் வைத்து, மைக்ரான் டயலின் முனையை டரட் முகத்தில் தொடவிட்டேன். கைச்சக்கரத்தால் நகர்த்தும் ஹேண்டில் மோடில் இசட் அச்சை ஒரே திசையில் கொண்டுவந்து நிறுத்தி முள்ளைப் பூஜ்யமாக்கினேன். அதே திசையில் கொஞ்சம் தள்ளிப்போய், திரும்பி அதே நிலைக்கு வந்தால் முள் 14 மைக்ரான் குறைவாக நின்றது. மூன்று தடவையும் அதே 14. ஏற்கெனவே 536-இல் 8 இருந்தது, அதாவது பக்கத்து ஷெட் மெஷினின் 8. கூட்டினால் 22.

எம்டிஐ மோடில் (கையால் எண் தட்டும் நிலை) பாராமீட்டர் எழுத அனுமதிக்கும் பி.டபிள்யூ.இ.-ஐ 1 ஆக்கினால் 100 அலாரம் வரும். பயப்பட வேண்டாம், எழுதும் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். 22 போட்டு, பி.டபிள்யூ.இ.-ஐ 0 ஆக்கி ரீசெட் செய்தேன். சில எண்களை மாற்றினால் 000 அலாரம் வரும், அப்போது மெஷினை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். திரும்ப அளந்தபோது முள் பூஜ்யத்துக்கே வந்தது. எக்ஸ் அச்சில் மட்டும் விட்டக் கணக்கா, ஆரக் கணக்கா என்று கவனித்துப் போட்டு, திரும்பவும் அளந்தே ஆக வேண்டும்.

பேக்லாஷ் எண் தேய்மானத்துக்கு மருந்து என்று சிலர் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திடீரென்று கூடினால் ஸ்க்ரூ முனையின் பேரிங், லாக் நட், கப்ளிங் மூன்றையும் திறந்து பார்க்க வேண்டும். தளர்ந்த நட்டை எண்ணால் இறுக்க முடியாது.

0-டி வைத்திருப்பவர்கள் மெஷின் ஓடும்போதே எண்களை எடுத்துவிடுங்கள். ஆர்.எஸ்.232 கேபிள் இருந்தால் பெரும்பாலும் 4800 பாட், ஈவன் பேரிட்டி. எடிட் மோடில் லேப்டாப்புக்கு அனுப்பிவிடலாம். கேபிள் இல்லையென்றால் மொபைலில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள், 900 வரிசையை விட்டுவிடாமல். அந்த மெஷினுக்கு வாங்கிய கூடுதல் வசதிகளை இயக்கும் ஆப்ஷன்கள் அங்கேதான் இருக்கின்றன. எல்லாம் அழிந்த மெஷினில் அவற்றைக் கையால் போட்ட பிறகுதான் மற்றதைக் கேபிளில் ஏற்ற முடியும். டைமர், கீப் ரிலே (அணைத்தாலும் நிலை மாறாத சுவிட்ச் அமைப்புகள்) பக்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிரின்ட்டை பேனல் கதவுக்குள் ஒட்டிவிட்டு, இன்னொன்றை முதலாளி வீட்டில் கொடுத்து வையுங்கள்.