பெங்களூருவில் பிழைக்க வந்தவனுக்கு முதலில் வேண்டியது சொந்த நம்பர்

தர்மபுரிப் பக்கத்திலிருந்து பெங்களூருவுக்குப் பெயிண்டிங் வேலைக்கு நான் வந்தது 2022-இல். இப்போது புதிதாக வருகிற பையன்கள் "அண்ணா, எந்த ஆப் போடணும்?" என்று கேட்கிறார்கள். ஆப்பெல்லாம் அப்புறம் தம்பி, உன் ஆதாரில் யார் நம்பர் இருக்கிறது என்று முதலில் பார் என்பேன்.

எங்கள் ஊரில் முகாம் போட்டு ஆதார் எடுத்த காலத்தில் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் நம்பரைத்தான் எழுதினார்கள். அந்த சிம் எப்போதோ செத்துவிட்டது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசுப் பதிவான இ-ஷ்ரமில் பதியலாம் என்று உட்கார்ந்தால் ஓடிபி அந்தச் செத்த நம்பருக்குப் போகிறது.

நம்பர் மாற்ற ஆவணம் எதுவும் கேட்கவில்லை. ஆதார் மையத்தில் கைரேகை, அப்போது 50 ரூபாய், அவ்வளவுதான். ஆனால் நேரில் போக வேண்டியிருந்ததால் ஒரு நாள் கூலி போயிற்று. சிமெண்டிலும் உப்புத்தாளிலும் புழங்கும் கையில் ரேகை தேய்ந்திருக்கும். விழாவிட்டால் திரும்பி வந்துவிடாதீர்கள், கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாற்றிய நம்பரை ரீசார்ஜ் இல்லாமல் மூன்று மாதம் சும்மா போட்டால் அது வேறொருவர் கைக்குப் போய்விடலாம்.

அதன்பிறகு இ-ஷ்ரம் பதிவு போனிலேயே முடிந்தது. 16 முதல் 59 வயதுவரை, பிஎஃப், இஎஸ்ஐ இல்லாதவர்கள் பதியலாம். ஊர் முகவரியும் இப்போது தங்கியிருக்கும் முகவரியும் தனித்தனியாகக் கேட்பார்கள்.

ரேஷனில்தான் நம்மவர்கள் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் கார்டில் பிஎச்எச் (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது ஏஏஒய் (மிக ஏழைகளுக்கான அந்தியோதயா) என்று இருந்தால்தான் வெளிமாநிலத்தில் அரிசி கிடைக்கும். என்பிஎச்எச், அதாவது முன்னுரிமை இல்லாத கார்டு என்றால் கிடைக்காது. ஊர்க்கடையில் தரும் சர்க்கரையும் பாமாயிலும் இங்கே வராது. எங்கள் கார்டு பிஎச்எச். நானும் வீட்டுக்காரியும் எங்கள் பங்கை இங்கே வாங்குகிறோம், அம்மா தன் பங்கை ஊரில் வாங்குகிறார். கடைக்காரர் முடியாது என்றால் இந்தத் திட்டத்தின் உதவி எண் 14445-க்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

எனக்கு நிமிர்ந்து நிற்கத் தைரியம் தந்தது யுபிஐதான். முன்பெல்லாம் மேஸ்திரி வாரச் செலவுக்குக் கையில் கொடுப்பார், சைட் முடிந்ததும் கணக்குப் பார்ப்பார். அவர் நோட்டில் இருப்பதுதான் கணக்கு, எதிர்த்துக் காட்ட நம்மிடம் ஒன்றும் இருக்காது. வங்கியிலும் என் நம்பரைப் பதிந்த பிறகு, "ஜிபேயில் போடுங்கள் மேஸ்திரி" என்று விடாமல் கேட்டேன். முதலில் முகம் சுளித்தார், பிறகு போட்டார். ஒரு சைட்டில் பாக்கி விஷயத்தில் பேச்சு தடித்தபோது தேதிவாரியாக வந்த பணத்தைக் காட்டினேன். அவர் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு மீதியை அன்று மாலையே அனுப்பினார். அதற்குப் பிறகு எங்கள் செட்டில் எல்லோருமே போனில்தான் கூலி வாங்குகிறோம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லித் தருவது இதுதான்: பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை, யாராவது கேட்டால் போனை வைத்துவிடு.