கார்பூல் உடைவது மாலையில்தான்: ஓ.எம்.ஆர். குடியிருப்புகளுக்குச் சில குறிப்புகள்

சென்னையின் ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) நாவலூர், படூர், தாழம்பூர், கேளம்பாக்கம் பக்கம் ஏதாவது ஒரு பெரிய அடுக்ககத்தின் கேட்டில் காலை எட்டரைக்கு நின்று பாருங்கள். வெளியே போகும் கார்களில் பாதிக்கு மேல் ஓட்டுபவர் மட்டும்தான் இருப்பார். ஒரே பக்கம் போகிறவர்கள் ஒரே காரில் சேர்ந்து போவதுதான் கார்பூல். இதற்கு அசோசியேஷன் முதலில் செய்வது ஒரு வாட்ஸ்அப் குரூப். இருநூறு பேர் சேருவார்கள். "நாளைக்கு டைடல் பார்க் யாராவது?" என்று சில நாள் கேள்விகள் வரும். அப்புறம் காலை வணக்கப் படங்கள் மட்டும் மிஞ்சும். தினமும் கேட்டு வாங்க வேண்டிய சவாரியை நம்பி யாரும் கார் சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் போக மாட்டார்கள்.

குரூப்புக்கு முன்னால் வேண்டியது ஒரு கூகுள் ஷீட். அதில் அலுவலகத்தின் பெயர் தேவையில்லை. எந்த சந்திப்பில் இறங்க வேண்டும் என்பது போதும்: சோழிங்கநல்லூர், துரைப்பாக்கம், பெருங்குடி, டைடல். அதோடு காலையில் கேட்டைத் தாண்டும் நேரம், மாலையில் கிளம்பும் நேரம், வாரத்தில் எந்தெந்த நாள் அலுவலகம், ஓட்ட முடியுமா முடியாதா, பெண்கள் மட்டும் உள்ள குழு வேண்டுமா. அலுவலக நாள் கட்டம் மிக முக்கியம். செவ்வாய் முதல் வியாழன் வரை போகிறவரையும் திங்கள், வெள்ளி போகிறவரையும் ஒரே காரில் சேர்த்தால் அந்தக் குழு ஒரு வாரம்கூடத் தாங்காது.

நேரத்தில் 15 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருப்பவர்களைச் சேர்க்காதீர்கள். காருக்கு மூன்று பேர் போதும். நான்காவது ஆள் வந்தால் பைகளுக்கு இடமில்லை, காத்திருப்பும் கூடும். ஏறும் இடம் மெயின் கேட் மட்டுமே. ஒவ்வொரு பிளாக்காக லிஃப்ட் வரும்வரை நின்றால் பத்து நிமிடம் அங்கேயே போய்விடும். மூன்று நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். பிறகு பேசினால் மனஸ்தாபம்.

இறக்கிவிடுவதும் சாலையோரத்தில்தான். ஓ.எம்.ஆரில் எதிர்ப்பக்க அலுவலகத்துக்காக யூ-டர்ன் எடுத்துத் திரும்பி வருவது, அதுவும் மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில், மற்றவர்களின் பொறுமையைத் தின்றுவிடும். எதிர்ப்பக்கம் போகிறவர் நடைமேம்பாலம் ஏறிக் கடக்கட்டும். மயிலாப்பூர், சேப்பாக்கம் வரை போகிறவரையும் ஒதுக்க வேண்டாம்: டைடல் பார்க்கை ஒட்டியே திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது.

இனி மாலை. காலைப் பயணத்தை ஒழுங்குபடுத்திவிடலாம். மாலை ஐந்தே முக்காலுக்கு ஒருவருக்குத் திடீரென்று மீட்டிங் வரும், மற்ற இருவரும் கார் பார்க்கிங்கில் நிற்பார்கள். இது இரண்டு முறை நடந்தால் மூன்றாம் வாரம் அவரவர் கார் அவரவருக்கு. அதனால் காலை சவாரியையும் மாலை சவாரியையும் தனித்தனியாகப் பொருத்துங்கள். காலையில் கூட வந்தவர்தான் மாலையிலும் கூட வர வேண்டும் என்றில்லை. குழுக்கள் சேர்ந்து ஒரு சந்திப்புக்கு ஆறு மணிக்கு ஒரு கார், ஏழேகாலுக்கு ஒரு கார் என்று வைத்தால் முதலாவதைத் தவறவிட்டவருக்கு இரண்டாவது இருக்கும். அதையும் தவறவிட்டால்? ஆளுக்கு மாதம் 200 ரூபாய் போட்டு ஒரு பொது நிதி வையுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல், ராத்திரி ஒன்பது மணி சாஃப்ட்வேர் ரிலீஸ் போன்ற அவசரங்களுக்கு அதிலிருந்து டாக்ஸி. நிதி பெரும்பாலும் தொடப்படாமலே கிடக்கும். ஆனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் சாவி வீட்டில் தங்கும்.

பணக் கணக்கு: போக வர 40 கி.மீ., நெரிசலில் லிட்டருக்கு 12.5 கி.மீ., பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 320 ரூபாய். மாதம் 20 நாளுக்கு 6,400. நாவலூர் டோல் 2023-இல் போய்விட்டதால் பங்கு போட எரிபொருள் மட்டும்தான். ஆனால் பணமாக வாங்காமல், வாரத்துக்கு ஒருவர் கார் எடுப்பதே நல்லது. வெள்ளை போர்டு (சொந்த உபயோக) காரில் கட்டணம் வாங்கினால் பெர்மிட் பிரச்சினை வரும். வாடகைக்கு ஓட்டினால் தனியார் கார் இன்ஷூரன்ஸ் பாலிசி செல்லாது. பாலிசி 'தேர்டு பார்ட்டி' மட்டுமா, 'காம்ப்ரிஹென்சிவ்'வா என்றும் பாருங்கள். உடன் பயணிப்பவருக்குப் பாதுகாப்பு இரண்டாவதில்தான்.

ஓட்டத் தெரியாதவர் அல்லது கார் இல்லாதவர் முறைக்கு வர முடியாதே என்று தயங்குவார். காலை ஆள் திரட்டுவது, ஷீட்டைத் திருத்துவது, சுங்குடி துணிப்பை நிறைய முறுக்கு, எதுவாகவும் ஈடு செய்யலாம்.

கார் எடுக்க முடியாத நாளுக்கு பஸ். கேளம்பாக்கத்திலிருந்து பிராட்வேக்கு 102, கோயம்பேட்டுக்கு 570. 'சென்னை பஸ்' செயலியில் வண்டி எங்கே வருகிறது என்று தெரியும். ஏ.சி. பஸ்ஸும் சேர்ந்த மாதப் பாஸ் 2,000 ரூபாய், ஏ.சி. இல்லாதது 1,000, சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். சிக்கல் பஸ்ஸில் இல்லை, தாழம்பூரிலிருந்தும் தையூரிலிருந்தும் மெயின் ரோடு வரையிலான அந்த இரண்டு மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. மெட்ரோ வந்தால் தீரும் என்பவர்கள் வரைபடத்தைப் பார்க்கட்டும்: மாதவரத்திலிருந்து வரும் மூன்றாம் வழித்தடம் சிறுசேரி சிப்காட்டிலேயே முடிகிறது. கேளம்பாக்கத்துக்காரருக்கு ஸ்டேஷன் வரை போக அப்போதும் வண்டி வேண்டும்.

அதற்கு இரண்டு மூன்று அடுக்ககங்கள் சேர்ந்து ஒரு மஞ்சள் போர்டு (வாடகை) வேனை ஒப்பந்தம் பேசலாம். காலை ஏழு முதல் பத்து, மாலை ஐந்தரை முதல் ஒன்பது, 20 நிமிடத்துக்கு ஒரு நடை. செலவை மெயின்டனன்ஸில் சேர்க்காதீர்கள், அடுத்த பொதுக்குழுவிலேயே போர் மூளும். ஏறுகிறவரிடம் மட்டும் மாதச் சந்தா, மூன்று மாதம் முன்பணம்.