தண்ணி பாட்டிலும் 150 அடியும்

2020 ஜூன் 9. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு நான் போட்ட முதல் ஓட்டு. ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவின் புறநகர் ஒன்றில், ஒரு சர்ச்தான் வாக்குச்சாவடி. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல்தானே, அரை மணியில் வந்துவிடலாம் என்று பருப்பை ஊறப்போட்டுவிட்டுப் போனேன். கொரோனாவுக்குப் பயந்து ஊழியர்கள் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களுக்கோ புது மெஷின் பிடிபடவில்லை. மூன்றரை மணி நேரம் வெயிலில் நின்றேன்.

எழுபது வயதிருக்கும் கறுப்பினப் பாட்டி ஒருவர், சக்கரம் வைத்த ஐஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு வரிசை நெடுகத் தண்ணி பாட்டில் கொடுத்துக்கொண்டே வந்தார். யாருக்கு ஓட்டு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதியில் போய்விடாதே என்று மட்டும் சொன்னார்.

அந்த நவம்பர் அதிபர் தேர்தலில், ஜார்ஜியாவில் ஜனநாயகக் கட்சியின் பைடன் 11,779 ஓட்டில் ஜெயித்தார். ஜனவரியில் அதே கட்சியின் வார்னாக், ஆஸாஃப் இருவரும் செனட்டுக்குப் போனார்கள். 2021 மார்ச் 25 அன்று குடியரசுக் கட்சி ஆளுநர் பிரையன் கெம்ப், எஸ்.பி. 202 என்ற மாநிலத் தேர்தல் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதன்படி, சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள்ளோ, வரிசையில் நிற்கும் எந்த வாக்காளருக்கும் 25 அடிக்குள்ளோ, உணவோ தண்ணியோ கொடுத்தால் குற்றம். ஒரு வருடம் வரை சிறை. ஊழியர்கள் வேண்டுமானால் ஆளில்லாத தண்ணித் தொட்டி ஒன்றை வைக்கலாமாம்!

போனில் அம்மாவிடம் சொன்னேன். "ஏண்டி, சித்திரையில இங்க எல்லாக் கட்சிக்காரனும் மோர்ப் பந்தல் போடுறான். அங்க தண்ணி குடுத்தா கேஸா?"

ஓட்டுக்குக் காசு கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சாவடி வாசலில் யாரும் எதையும் நீட்டக்கூடாது என்பதன் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஓட்டுக்கு ஈடாக எதைக் கொடுத்தாலும் குற்றம் என்று ஏற்கெனவே சட்டம் இருந்தது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வரிசை ஒரு மணி நேரத்துக்கு மேல் போன பெரிய சாவடிகளில் அடுத்த முறை ஆளையோ மெஷினையோ கூட்டு, இல்லையென்றால் சாவடியைப் பிரி என்று இதே எஸ்.பி. 202-இல் ஒரு பிரிவு இருக்கிறது. அதோடு நிறுத்தியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். வரிசை இல்லாத இடத்தில் யார் ஐஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு போகப் போகிறார்கள்?

நவம்பர் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கும் மறுபடி நடக்கும் இறுதிச் சுற்று; 2022-இல் அதற்குத் தன்னார்வலராகப் போனேன். செனட் இடத்துக்கு வார்னாக்கும் குடியரசுக் கட்சியின் ஹெர்ஷல் வாக்கரும் மோதியது. இரண்டு தேர்தலுக்கும் நடுவே முன்பு ஒன்பது வாரம் இருந்த இடைவெளியை நாலு வாரமாகச் சுருக்கியதும் இதே சட்டம்தான். முன்கூட்டியே போடும் கூட்டம் முழுக்க ஒரே வாரத்தில் வந்து குவிந்தது. 150 அடி என்றால் நாலு பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் வருகிற தூரம். வரிசையின் வால் அதையும் தாண்டி கார் நிறுத்துமிடத்துக்குள் வளைந்து கிடந்தது. என் டிக்கியில் இரண்டு கேஸ் தண்ணி. 25 அடி விதி இருந்ததால் வாலுக்கும் கொடுக்க முடியவில்லை. குழந்தையோடு நின்ற ஒரு பெண் என் பக்கம் பார்த்தார். நான் செல்போனைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

2023 ஆகஸ்டில் ஃபெடரல் நீதிபதி ஒருவர் அந்த 25 அடி விதிக்கு இடைக்காலத் தடை போட்டார். 150 அடி அப்படியே இருந்தது. ஆக, இப்போதுதான் வந்து வாலில் நிற்கிறவருக்குத் தண்ணி கொடுக்கலாம். மூன்று மணி நேரமாக நகர்ந்து நகர்ந்து வாசல் பக்கம் வந்துவிட்டவருக்குக் கூடாது.